பறவைக்குப் பாட்டு யார் கொடுத்தது?



இன்று இக்கூட்டத்தில் நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது பறவைகளின் பாட்டைப் பற்றியும், பறவைகளும் மிருகங்களும் போடும் சப்தங்களைக் கணக்கின் மூலமாகவும் கம்ப்யூட்டர் யந்திரத்தின் மூலமாகவும் அறிய மனிதன் செய்துவரும் முயற்சியைப் பற்றியுமாகும். "இதென்ன, நாட்டில் எவ்வளவோ கஷ்டமிருக்கக் குருவியின் கூச்சலைப் பற்றியா பேசுவது?" என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் ஒரு சிறு குருவியின் பாட்டைப் பற்றி மனிதன் என்னென்ன நம்பி வந்தான், அவைகளில் எது நின்றது, எது விழுந்தது, விழுந்ததை விழச் செய்தது எது என்று கவனித்தால், ஒரு சங்கதியை அறிவது என்றால் என்ன என்பதே நமக்கு விளங்கிவிடும். தப்பாக அறிந்தால் அதற்கு யார் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதும் விளங்கும். அதற்காகவே இதை எடுத்துக்கொண்டோம்.

பறவை யாருக்காகப் பேசுகிறது?

பறவைச் சப்தத்தைப் பற்றி நம் வீடுகளில் உள்ள அபிப்பிராயம் என்னவென்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. காக்கை கரைந்தால் விருந்தாளி வருகிறான். ஆந்தை அலறினால் வீட்டில் சாவு விழுகிறது. பல்லி சொன்னால் அதற்குத் திசைவாரியாகப் பலன் எழுதி வைத்த பஞ்சாங்கம் இருக்கிறது. கூண்டுக் கிளி ஒரு சீட்டை இழுத்துப் போட்டால் அதில் நம் பெண்ணின் கல்யாணமே அடங்கியிருக்கிறது. இவ்வளவுக்கும் பொதுவான ஒரு அம்சத்தைக் கவனியுங்கள். பறவை நமக்காகவே பேசுகிறது என்பதுதான் அது. காக்கைக்குச் சொந்த வேலை ஒன்றுமே இல்லாதது போலவும், அது நம் வீட்டு விருந்தாளியின் வரவை அறிவிக்கச் சம்பளமில்லாமல் வேலை பார்ப்பது போலவும் நினைத்துக் கொண்டிருக்கிறோம். இந்த விஷயத்தில் மேல்நாட்டாரும் நமக்கு இளைத்தவர்களல்ல. விடியற்காலையில் குருவிகள் பாடுவது கடவுளைத் துதிப்பதற்காக என்று பாட்டுக் கட்டியவர்களும் பிரசங்கம் செய்தவர்களும் அங்கே ஏராளம்.

சரி, பறவை எதற்குத்தான் பாடுகிறது? இதை யாரிடம் கேட்பது? பறவையிடமே கேட்பதுதான் நியாயம். பறவையிடம் எப்படிக் கேட்பது என்றால், 1970-ம் வருஷத்தை அடுத்த காலத்தில் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்திலுள்ள வைத்தம் என்னும் காட்டில் ஜான் கிரெப்ஸ் என்பவர் கேட்ட விதத்தைப் பாருங்கள். கிரேட் டிட் என்பது நம் பக்கத்துப் பட்டாணிக் குருவிக்குச் சொந்தமான ஒரு குருவி. அதில் ஒவ்வொரு ஆணும் காட்டில் ஒரு பகுதியைத் தன் எல்லையாக வைத்துக் கொண்டு பாடிக்கொண்டிருக்கும். கிரெப்ஸ் அந்தக் குருவிகளை அப்புறப்படுத்திவிட்டு, சில எல்லைகளில் ஒலிபெருக்கி வைத்து அக்குருவியின் பாட்டையே போட்டார். வேறு சில இடங்களில் தகரக் குழல் ஊதிய சப்தத்தைப் போட்டார். மற்ற இடங்களைச் சும்மா விட்டார். சும்மா விட்ட இடத்திலும் குழல் ஊதிய இடத்திலும் வேறு குருவிகள் சீக்கிரம் வந்து குடியேறிவிட்டன. பாட்டுக் கேட்ட இடத்திலோ, சொந்தக்காரன் இருக்கிறான் என்று எண்ணி வெகு நேரம் நுழையாமல் இருந்தன. அதாவது அந்தப் பாட்டு ஒரு வேலியாக நின்றது. 1977-ம் வருஷத்தில் அவர் இதை வெளியிட்டார். துதியுமல்ல, சகுனமுமல்ல, "இது என் இடம்" என்பதும், பெண் பறவைக்கு "நான் இங்கே இருக்கிறேன்" என்பதுமே ஆண் பாடுவதன் காரியமாகும்.

இங்கே தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. பாடுவது ஆண், பெண் வாய் மூடிக் கேட்டுக் கொண்டிருப்பது என்பதே நீண்ட காலம் புத்தகங்களில் எழுதப்பட்டு வந்தது. ஏனென்றால் எழுதியவர்கள் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ள பறவைகளையே அதிகமாகப் பார்த்தவர்கள். 2014-ம் வருஷத்தில் உலகத்தின் பல பாகங்களிலுமுள்ள 323 வகைப் பாடும் பறவைகளைப் பற்றிக் கணக்கெடுத்துப் பார்த்ததில், நூற்றுக்கு 71 வகைகளில் பெண்ணும் பாடுகிறது என்று தெரிய வந்தது. பெண் பாடாமல் இருந்ததில்லை; கேட்கிறவர்கள்தான் கேட்காமல் இருந்திருக்கிறார்கள்.

பிறவியில் வந்ததா, கற்று வந்ததா?

இனி முக்கியமான சங்கதிக்கு வருவோம். பறவைக்குப் பாட்டு எங்கிருந்து வருகிறது? "அது பிறவியிலேயே வருவது, ஆண்டவன் ஒவ்வொன்றுக்கும் ஒரு குரலைக் கொடுத்து அனுப்பியிருக்கிறான்" என்பதுதான் சாதாரணமாக யாரும் சொல்லும் பதில். இதற்கு ஆதாரமாக நம்மவர்கள் உடனே குயிலைக் காட்டுவார்கள். "குயில் குஞ்சு காக்கைக் கூட்டில் பொரிந்து, காக்கையிடம் இரை வாங்கித் தின்று வளர்ந்தும், காக்கையைப் போலக் கரையாமல் குயிலைப் போலத்தானே கூவுகிறது?" என்பார்கள். இது நல்ல கேள்வி. நாமும் இதை ஒப்புக்கொள்ளுகிறோம். குயிலின் கூவல் பிறவியில் வருவதுதான். சேவலும் அப்படியே, புறாவும் அப்படியே. சேவற்குஞ்சைச் செவிடாக்கி வளர்த்தாலும் அது சரியாகவே கூவுகிறது என்று பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் குயிலைப் பார்த்து எல்லாப் பறவைக்கும் சட்டம் எழுதிவிட முடியுமா? முடியாது என்பதை 1773-ம் வருஷத்திலேயே லண்டனில் டெய்ன்ஸ் பாரிங்டன் என்பவர் காட்டினார். அவர் லின்னெட் என்னும் குருவியின் குஞ்சுகளைக் கூட்டிலிருந்து எடுத்து, சிலவற்றை வானம்பாடிகளிடமும், சிலவற்றை வேறு வகைப் பறவைகளிடமும் வளரவிட்டார். அவைகள் பெரிதானதும் தங்கள் தகப்பன் பாட்டைப் பாடவில்லை. வளர்த்தவர்கள் பாட்டையே பாடின. பின்னர் அப்படி வளர்ந்த ஒன்றைக் கொண்டுபோய் அதன் சொந்த இனத்தோடு விட்டுப் பார்த்தார். அப்போதும் அது தான் கற்ற பாட்டை விடவில்லை. பறவையின் பாட்டு பிறவியில் வருவதல்ல, மனிதனுக்குப் பாஷை எப்படியோ அப்படியே அதுவும் என்று அவர் எழுதினார். டார்வின் 1871-ம் வருஷத்தில் வெளியிட்ட மனிதனின் வம்சாவளியைப் பற்றிய புத்தகத்தில் பாரிங்டனின் இந்த வேலையை எடுத்துக் காட்டியிருக்கிறார்.

ஆனால் காதால் கேட்டுச் சொல்லுவதில் ஒரு குறை உண்டு. ஒருவர் "இரண்டு பாட்டும் ஒன்றுதான்" என்பார். மற்றொருவர் "வேறு" என்பார். யார் காதை நம்புவது? இந்தத் தகராறைத் தீர்த்தது ஒரு யந்திரம். அமெரிக்காவில் பெல் டெலிபோன் கம்பெனியின் ஆராய்ச்சிசாலையில் மனிதப் பேச்சை ஆராய்வதற்காக ஒலியைப் படமாக வரையும் யந்திரம் ஒன்று செய்தார்கள். 1946-ம் வருஷத்தில் அதன் விவரம் வெளியாயிற்று. அந்தப் படத்தில் இடமிருந்து வலமாகப் போவது நேரம். உயரம் என்பது சுருதியின் ஏற்றம். கறுப்பு அதிகமானால் சப்தம் பலம் என்று அர்த்தம். ஒரு விநாடியில் பறந்துபோகும் பாட்டு காகிதத்தில் கோலம் போல நின்றுவிடுகிறது. அதன்பின் அது காதுக்காரரின் அபிப்பிராயமல்ல. அளவுகோல் வைத்து யாரும் அளந்து பார்க்கக்கூடிய பொருள்.

1950-ம் வருஷத்தை அடுத்த காலத்தில் கேம்பிரிட்ஜில் தார்ப் என்பவர் இந்த யந்திரத்தைக் கொண்டு சாபிஞ்ச் என்னும் குருவியைப் பரீட்சித்தார். குஞ்சிலிருந்தே பாட்டுக் கேளாமல் தனியாக வளர்த்த குருவி, நீளத்தில் சுமார் சரியான ஒரு பாட்டைப் பாடிற்று. ஆனால் அதில் அடிகளும் இல்லை, முடிவில் போடும் முத்தாய்ப்பும் இல்லை. எலும்பு இருந்தது, சதை இல்லை. தார்ப்பிடம் படித்த பீட்டர் மார்லர் கலிபோர்னியாவுக்குப் போய் வெண்முடிக் குருவிகளைப் பார்த்தார். சான் பிரான்சிஸ்கோ குடாவைச் சுற்றிச் சில மைல்களுக்கு ஒரு வட்டார வழக்காக அவைகளின் பாட்டு மாறுகிறது. திருநெல்வேலிப் பேச்சும் கோயமுத்தூர்ப் பேச்சும் போல, இந்தப் பக்கத்துக் குருவி, அந்தப் பக்கத்துக் குருவி என்று பாட்டைக் கேட்டே சொல்லிவிடலாம். முட்டையிலிருந்து வந்த 10 நாளுக்கும் 50 நாளுக்கும் இடையிலுள்ள காலத்தில் எந்த வட்டாரப் பாட்டை ஒலிப்பதிவில் போட்டார்களோ, அந்த வட்டாரப் பாட்டை அக்குஞ்சு கற்றுக்கொண்டது. வேறு இனத்தின் பாட்டை மட்டும் அப்படிப் போட்டால் அதைக் கற்கவில்லை. எதைக் கற்க வேண்டும் என்ற ஒரு சாய்வு உடம்பில் இருக்கிறது. கற்பது காதால் நடக்கிறது.

1965-ம் வருஷத்தில் கொனிஷி என்னும் ஜப்பானிய அறிஞர் இன்னொரு முடிச்சை அவிழ்த்தார். குஞ்சு, பெரியவர்கள் பாட்டைக் கேட்டாகிவிட்டது. ஆனால் இன்னும் தான் பாடத் தொடங்கவில்லை. அந்தச் சமயத்தில் காது கேளாமல் செய்துவிட்டால் என்ன ஆகும்? பாட்டு வரவில்லை, உருப்படாத சப்தமே வந்தது. ஆகவே கேட்டது மாத்திரம் போதாது. தன் குரலைத் தானே கேட்டு, மனத்திலுள்ள பாட்டோடு ஒத்துப் பார்த்து, திருத்தித் திருத்தியே பறவை பாடக் கற்கிறது. குழந்தையின் மழலையும் இப்படித்தானே வார்த்தையாகிறது!

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறோம். மனிதனுக்குச் சட்டம் குருவியிடமிருந்து வரவேண்டியதில்லை. குருவி எப்படி இருந்தாலும் மனிதன் மனிதனாக நடக்க வேண்டியதுதான். ஆனால் "பறவைகூடப் பிறந்த குணப்படியே தன் பாட்டைப் பாடுகிறது, நீயும் பிறந்த குலப்படியே தொழிலைச் செய்" என்று உபமானம் காட்டி வயிறு வளர்க்கிறவர்கள், குறைந்தபட்சம் வேறு உபமானமாவது தேடிக்கொள்ளட்டும். வானம்பாடியிடம் வளர்ந்த லின்னெட், வானம்பாடியின் பாட்டைத்தான் பாடுகிறது.

முதல் குரு யார்?

இவ்வளவு சொன்னதும் ஒரு கெட்டிக்காரர், "மகனுக்குத் தகப்பன் கற்பித்தான், தகப்பனுக்குப் பாட்டன் கற்பித்தான், முதல் பறவைக்குக் கற்பித்தது யார்? அங்கேதான் கடவுள் இருக்கிறார்" என்பார். இதையும் பரீட்சை செய்து பார்த்திருக்கிறார்கள். ஜீப்ரா பிஞ்ச் என்பது ஆஸ்திரேலியாவின் ஒரு சிறு குருவி. இதில் ஆண் மாத்திரமே பாடும். ஒல்கா பெஹர் என்னும் அம்மையாரும் அவருடைய கூட்டாளிகளும், பாட்டே கேளாமல் வளர்ந்து அலங்கோலமாகப் பாடும் ஒரு ஆணை எடுத்து, அதையே குஞ்சுகளுக்கு வாத்தியாராக வைத்தார்கள். குஞ்சுகள் அந்த அலங்கோலத்தையே கற்றன. ஆனால் சிறிது திருத்திக் கற்றன. அந்தக் குஞ்சுகளை அடுத்த குஞ்சுகளுக்கு வாத்தியாராக வைத்தார்கள். இன்னும் சிறிது திருந்திற்று. மூன்று நான்கு தலைமுறைக்குள் பாட்டு ஏறக்குறையக் காட்டுக் குருவிகளின் பாட்டைப் போலவே ஆகிவிட்டது. 2009-ம் வருஷத்தில் இது வெளியாயிற்று. முதல் குருவுக்குப் பாட்டே தெரியாது, சிஷ்யர்கள் தலைமுறை தலைமுறையாகத் திருத்தினார்கள், பாட்டு பிறந்துவிட்டது. இதில் ஆகாயத்திலிருந்து யாரும் இறங்கி வரவேண்டிய அவசியம் எங்கேயிருக்கிறது?

கணக்கு எதற்கு?

"இதெல்லாம் சரி, இதில் கம்ப்யூட்டருக்கு என்ன வேலை?" என்பீர்கள். ஒரு மணியக்காரர் கணக்கு எழுதுவது போலப் பறவைகளை எண்ணுவதற்கு மாத்திரமல்ல அது. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று நாம் சொல்லுவது உண்மையானால், அப்படியே ஒன்றைச் செய்து காட்ட முடிய வேண்டும். கடிகாரம் தெரியும் என்கிறவன் கடிகாரத்தைப் பூட்டிக் காட்ட வேண்டுமல்லவா? அதுபோலப் பறவையின் தொண்டையையும் மூளையையும் கணக்கால் பூட்டிக் காட்டும் வேலைதான் இது.

பறவைக்குக் குரல் பிறக்குமிடம் நம்மைப்போல் கழுத்தின் மேற்பாகத்திலல்ல. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்து நுரையீரல்களுக்குப் போகும் கவட்டில் இருக்கிறது. அர்ஜென்டினா தேசத்துப் போனஸ் அயர்ஸ் நகரத்தில் கேப்ரியல் மிண்ட்லின் என்னும் பௌதிக சாஸ்திரியும் அவருடைய கூட்டத்தாரும், இந்தக் குரலுறுப்பைச் சில சமன்பாடுகளாக எழுதினார்கள். ஊதும் காற்றின் அழுத்தம் ஒன்று, அதிரும் சவ்வை இழுத்துப் பிடிக்கும் தசையின் விறைப்பு ஒன்று. இந்த இரண்டும் நேரத்துக்கு நேரம் எப்படி ஏறி இறங்க வேண்டும் என்று கொடுத்தால், கம்ப்யூட்டர் ஒரு பாட்டைப் பாடுகிறது. எண்ணற்ற வளைவும் நெளிவுமாகக் கேட்கும் பாட்டு, இரண்டு பிடிகளைத் திருகுவதால் வருகிறது என்பதே ஒரு பெரிய சங்கதி.

ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நம் காதுக்குச் சரியாகக் கேட்பதனால் அது சரியாகிவிடுமா? ஜீப்ரா பிஞ்சின் மூளையில், அக்குருவி தூங்கும்போது அதன் சொந்தப் பாட்டைப் போட்டால் மட்டும் பலமாகத் துடிக்கும் நரம்பணுக்கள் இருக்கின்றன. வேறு குருவியின் பாட்டுக்கு அவை அவ்வளவாக எழுவதில்லை. கணக்கால் செய்த பாட்டைத் தூங்கும் குருவிக்குப் போட்டுப் பார்த்தார்கள். அந்த நரம்பணுக்களில் பல, அதற்கும் எழுந்து துடித்தன. "இது என் பாட்டுத்தான்" என்று குருவியின் மூளையே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போலாயிற்று. இது வெளியானது 2013-ம் வருஷத்தில்.

கற்பதற்கும் இப்படியே கணக்குப் போட்டார்கள். 1976-ம் வருஷத்தில் நாட்டபாம் என்பவரும் அவருடைய தோழர்களும் கானரிக் குருவியின் மூளையில் பாட்டுக்கென்றே உள்ள முடிச்சுகளைக் கண்டார்கள். அவ்வகை முடிச்சுகளில் ஒன்றைக் கெடுத்தால், பாடக் கற்றுமுடித்த பெரிய குருவிக்கு அவ்வளவாக நஷ்டமில்லை; கற்றுக்கொண்டிருக்கும் குஞ்சுக்கோ படிப்பே நின்றுவிடுகிறது என்று 1984-ம் வருஷத்தில் தெரிந்தது. இது ஏன்? 1995-ம் வருஷத்தில் டோயா, செஜ்னோவ்ஸ்கி என்னும் இருவர் கம்ப்யூட்டரில் ஒரு மாதிரி செய்து காட்டினார்கள். அந்த முடிச்சு பாட்டைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி மாற்றிப் பார்க்கிறது. நன்றாக வந்த மாற்றம் நிலைக்கிறது, கெட்டது தள்ளப்படுகிறது. இப்படியே பாட்டுத் தேறுகிறது என்பது அதன் சாரம். 2005-ம் வருஷத்தில் அந்த முடிச்சைத் தற்காலிகமாக மரத்துப்போகச் செய்தபோது, குஞ்சின் பாட்டிலுள்ள தடுமாற்றம் நின்று, ஒரே மாதிரியாகிவிட்டது. தடுமாற்றத்தை உண்டாக்குவதே அதன் வேலை என்று ருஜுவாயிற்று. அப்படியானால் "நன்றாக வந்தது, கெட்டு வந்தது" என்று மார்க் போடுகிறவர் யார்? 2016-ம் வருஷத்தில், குருவி பாடும்போதே ஒரு துண்டு கெட்டுப்போனது போல் அதன் காதில் விழும்படி செய்தார்கள். அப்போது மூளையில் டோபமின் என்னும் ரசத்தைச் சுரக்கும் நரம்பணுக்களின் துடிப்புத் தாழ்ந்தது. கெடும் என்று எதிர்பார்த்த இடத்தில் கெடாமல் வந்தபோது உயர்ந்தது. வாத்தியார் தலைக்குள்ளேயே இருக்கிறார்!

தோழர்களே! ஒன்றைக் கவனியுங்கள். தடுமாறாத குஞ்சு கற்பதில்லை. தப்பாகப் பாடிப் பார்க்க இடம் கொடுத்த இடத்தில்தான் சரியான பாட்டு உண்டாகிறது.

யந்திரத்தைச் சோதிடராக்காதீர்கள்

இன்று பத்திரிகைகளில் "மிருகங்களின் பாஷையைக் கம்ப்யூட்டர் மொழிபெயர்க்கப் போகிறது" என்று கொட்டை எழுத்தில் வருகிறது. இதைக் கேட்டுக் கிளி ஜோசியனை விட்டுவிட்டு யந்திர ஜோசியனைப் பிடித்துக்கொள்ள வேண்டாமென்று சொல்லுவதும் நம் கடமையாகும். இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. கதையென்றால் கட்டுக்கதையல்ல, நடந்தது.

பெர்லின் நகரத்தில் வான் ஆஸ்டென் என்னும் வயதான உபாத்தியாயர் ஒரு குதிரை வைத்திருந்தார். அதற்கு ஹான்ஸ் என்று பெயர். கூட்டல் கழித்தல் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும். ஊரெல்லாம் அதிசயித்தது. 1904-ம் வருஷத்தில் அறிஞர்கள் கமிட்டி வந்து பார்த்து, மோசடி ஒன்றுமில்லை என்று சொல்லிற்று. மோசடி இல்லாததும் உண்மைதான். ஆனால் பங்ஸ்ட் என்பவர் பொறுமையாகப் பரீட்சித்தார். கேட்கிறவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் விடை தெரியவில்லை. கேட்கிறவரைப் பார்க்க முடியாதபடி கண்ணை மறைத்தால் அப்போதும் தெரியவில்லை. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்கிறவர் தம்மையறியாமல் தலையை லேசாக அசைக்கிறார். குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்திவிடுகிறது. 1907-ம் வருஷத்தில் இது வெளியாயிற்று. குதிரை கணக்கில் கெட்டிக்காரனல்ல. மனிதனைக் கவனிப்பதில் கெட்டிக்காரன். கமிட்டியாரோ, தங்களைத் தாங்களே கவனிக்கவில்லை.

யந்திரமும் ஒரு ஹான்ஸ் ஆகிவிடக்கூடும். ஒரு வகைக் குருவியின் பதிவுகளெல்லாம் ஓர் ஓடைக்கரையில் எடுத்தவையாக இருந்தால், யந்திரம் குருவியை விட்டுவிட்டு ஓடையின் சலசலப்பையே அடையாளமாகப் பிடித்துக்கொள்ளும். இன்று கார்னெல் பல்கலைக்கழகத்தாரும் ஜெர்மனியில் கெம்னிட்ஸ் நகரத்தாரும் சேர்ந்து செய்த பேர்ட்நெட் என்னும் யந்திர அறிவு, பாட்டின் படத்தைப் பார்த்து ஆயிரக்கணக்கான வகைப் பறவைகளின் பெயரைச் சொல்லுகிறது. இது மிகவும் பிரயோசனமான காரியந்தான். ஒரு காட்டில் எந்தெந்தப் பறவை மிஞ்சியிருக்கிறது என்று இரவும் பகலும் தூங்காமல் கணக்கெடுக்க அது உதவும். ஆனால் அது சொல்லுவது "கூவுவது யார்" என்பதே. "என்ன சொல்லுகிறது" என்பதல்ல. தப்பியும் சொல்லும். ஆகையால் அதையும் சரிபார்க்க வேண்டும்.

சரிபார்ப்பது எப்படி என்பதற்கு யானையைப் பாருங்கள். கென்யா தேசத்து யானைகள் ஒன்றையொன்று அழைக்கும் 469 அழைப்புகளைப் பதிவு செய்து, "இது எந்த யானையை நோக்கிச் சொன்னது?" என்று கம்ப்யூட்டரைக் கேட்டார்கள். அது நூற்றுக்கு 27.5 தடவை சரியாகச் சொல்லிற்று. 27 என்ன பெரிய மார்க்கா என்பீர்கள். அர்த்தமில்லாத எண்களைக் கொடுத்துக் குருட்டாம்போக்கில் சொல்லச் செய்தால் 8 தான் வருகிறது. ஆகவே அழைப்பில் பெயர் போல ஏதோ இருக்கிறது என்று தோன்றிற்று. தோன்றியதோடு விட்டுவிட்டார்களா? இல்லை. 17 யானைகளிடம் போய், அவைகளை நோக்கிச் சொன்ன அழைப்பையும், அதே யானை வேறொன்றை நோக்கிச் சொன்ன அழைப்பையும் ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்தார்கள். தன்னை அழைத்த குரலுக்கு யானை சீக்கிரம் நெருங்கி வந்தது. சீக்கிரம் பதில் குரலும் கொடுத்தது. 2024-ம் வருஷத்தில் இது வெளியாயிற்று. யந்திரம் சொன்னது சாட்சியம். தீர்ப்புச் சொன்னது யானை.

தப்பு எண்ணத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறோம். ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கே ரீஜென்ட் ஹனியீட்டர் என்னும் கறுப்பும் மஞ்சளுமான ஒரு பறவை இருக்கிறது. பூத்தேன் குடித்து வாழ்வது. முன்காலத்தில் கூட்டங்கூட்டமாகத் திரிந்தது. காடுகளை வெட்டி நிலமாக்கியதில் இரை போய், இடம் போய், இப்போது காட்டில் சுமார் 300தான் மிச்சமென்று சொல்லுகிறார்கள். 2021-ம் வருஷத்தில் வெளியான ஆராய்ச்சியில் ஒரு துக்ககரமான சங்கதி இருந்தது. ஆண்களில் நூற்றுக்குச் சுமார் 12, தங்கள் இனத்தின் பாட்டையே பாடவில்லை. வேறு பறவைகளின் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தன. காரணம், குஞ்சு வளரும் காலத்தில் கேட்டுக் கற்கப் பக்கத்தில் பெரியவர்கள் இல்லை. விசித்திரமாகப் பாடிய ஆணுக்கு ஜோடி கிடைப்பதும் கஷ்டமாயிற்று. பறவை குறைந்ததால் பாட்டுப் போயிற்று. பாட்டுப் போனதால் பறவை இன்னும் குறைகிறது.

இந்தப் பறவையைக் காப்பாற்றுவதற்காகக் கூண்டில் வளர்த்துக் காட்டில் விடுகிறார்கள். அந்தக் கூண்டுப் பறவைகளின் பாட்டும் காட்டுப் பாட்டைப் போல இல்லை என்று அதே ஆராய்ச்சி காட்டிற்று. "பாட்டுப் பிறவியில் வருவது, ஆண்டவன் பார்த்துக்கொள்ளுவான்" என்று எண்ணியிருந்தால் என்ன ஆகும்? குஞ்சை வளர்த்து, எடை போட்டு, நோய் பார்த்து, காட்டில் விட்டுவிட்டுத் திருப்தியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். அங்கே அது யாருக்கும் விளங்காத குரலில் கத்திவிட்டு, ஜோடியில்லாமல் செத்துப்போகும். கற்று வருவது என்று தெரிந்ததனால்தான் இப்போது வேறு வழி பார்க்கிறார்கள். காட்டுப் பாட்டின் ஒலிப்பதிவைக் குஞ்சுகளுக்குப் போட்டும், பாடத் தெரிந்த ஆண்களைப் பக்கத்தில் வைத்தும் பாட்டுச் சொல்லிக் கொடுக்க முயன்று வருகிறார்கள்.

ஆகவே தோழர்களே! பறவையின் பாட்டு பிறவி வரமென்று சொன்னவர்கள் பறவையைப் புகழ்ந்ததாக எண்ணிக்கொண்டார்கள். உண்மையில் அவர்கள் அதன் உழைப்பை மறைத்தார்கள். அதற்குக் கற்பித்த முந்தின தலைமுறையை மறைத்தார்கள். பிறவியில் வந்ததானால் நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, கைகட்டி உட்காரலாம். கற்று வந்ததானால், கற்பிக்க ஆளும் இடமும் காலமும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுவது நம் பொறுப்பாகிறது. ஆதலால் இனி யாராவது வந்து, அவர் புராணக்காரராயிருந்தாலும் சரி, யந்திரக்காரராயிருந்தாலும் சரி, "இந்தப் பறவை இன்னது சொல்லுகிறது" என்றால், "எப்படித் தெரியும்? பறவையைக் கேட்டீர்களா?" என்று கேளுங்கள். கேட்டுப் பார்த்தவர் என்றால் எப்படிக் கேட்டார் என்று விவரமாகச் சொல்லுவார். அவரை உட்கார வைத்துக் கேளுங்கள். மற்றவருக்கு வழியைக் காட்டி அனுப்பிவிடுங்கள்.